மாமரத்தடித் தரைக்கு மாஸ் ட்ரே: வாங்கலாமா?

மாமரத்து அடியில் புல் வராது. கொரியன் கிராஸ் போட்டுப் பார்த்தவர்களைக் கேளுங்கள், முதல் மாதம் பச்சை, அப்புறம் மஞ்சள், அதற்கப்புறம் மறுபடியும் மொட்டைத் தரை. கிருஷ்ணகிரியில் கொஞ்சம் இடம் இருக்கிற வீட்டில் மாமரம் இல்லாமல் இருப்பது அபூர்வம், அதனால் இந்த மொட்டைத் தரையும் ஊர் முழுக்க இருக்கிறது. இதற்கென்றே ஓசூர்ப் பக்கத்து நர்சரி ஒன்றில் 'நேட்டிவ் மாஸ்' என்று பலகை வைத்து, ஈரச் சுவரில் படர்கிற மாதிரியான பச்சைப் பாசியை ட்ரே ட்ரேயாக விற்கிறார்கள். வாங்கிப் போட்டு ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பார்த்தாயிற்று, அதனால் எழுதுகிறேன். கடைப் பெயர் வேண்டாம். குறை சொல்ல நிறைய இருக்கிறது, தவிர அந்த வட்டாரத்தில் மாஸ் விற்கிற எந்த இடத்துக்குப் போனாலும் இதே கேள்விகளைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

சுருக்கமாகச் சொன்னால், அந்தப் பலகைக்குக் கீழே மூன்று வகை ட்ரே இருந்தது. ஒன்று கொடுத்த காசுக்கு மேல். இன்னொன்று கோடையைத் தாண்டாது. மூன்றாவது மாஸே இல்லை. மூன்றும் ஒரே விலை, ஒரு அடிக்கு ஒரு அடி ட்ரே 220 ரூபாய், பேரம் பேசினால் 200. எது எது என்று கடையில் யாரும் சொல்வதில்லை, நாம்தான் பார்த்து எடுக்க வேண்டும்.

முதலில் மாஸே இல்லாததைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறேன். செலாஜினெல்லா என்று ஒரு செடி, குட்டி இலைகள் அடுக்கடுக்காக, கொஞ்சம் நீலம் அடிக்கிற பச்சை, பார்த்தால் யாருக்கும் பிடிக்கும். இதைப் பல நர்சரிகளில் 'பீகாக் மாஸ்' என்று விற்பார்கள். இதற்கு வேர் உண்டு, தண்டுக்குள் தண்ணீர் ஏறுகிற குழாய் உண்டு, பெரணிப் பக்கத்து உறவு. தொட்டியில் வைக்க அருமையான செடிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் தரையோடு தரையாகப் படியாது, அரை அடிக்குக் கிளம்பி நிற்கும், ஒரு நாள் தண்ணீர் தவறினால் கருகிவிடும். கையில் எடுத்து ஒரு இழையை இழுத்துப் பாருங்கள், வேர் நூல் நூலாக வந்தால் அது மாஸ் இல்லை.

ஆன்லைனில் 'மாஸ்' என்று தேடினால் வருவது இன்னொரு கூத்து. சுவர் அலங்காரத்துக்கென்று பஞ்சு மாதிரி பச்சை உருண்டைகள் வரும், அதில் பாதி ரெயின்டீர் மாஸ் என்கிற லைக்கன் (பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்தது, மாஸ் இல்லை), சாயம் ஏற்றிப் பதப்படுத்தியது. உயிர் கிடையாது. ஆர்க்கிட் தொட்டிக்குப் போடும் ஸ்பேக்னம் என்கிற காய்ந்த சதுப்பு நிலப் பாசியும் அப்படியே, அதைத் தரையில் பரப்பினால் காற்றில் பறக்கும், அவ்வளவுதான்.

சரி, உண்மையான மாஸுக்கு வருவோம்.

கடையில் தண்ணீர் விடுகிற தம்பியிடம் எது நல்லது என்று கேட்டேன். "எல்லாமே மாஸ்தான்க்கா, தண்ணி மட்டும் விட்டீங்கன்னா அதுவா வந்துடும்" என்றார். அதோடு விட்டிருந்தால் எனக்கும் தலையில் எதையாவது கட்டி அனுப்பியிருப்பார்கள். எங்கிருந்து வருகிறது என்று கேட்டபோதுதான் அவரே பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், ஒழுகுகிற இடத்தில், உடைந்த செங்கல்லையும் குவாரி டஸ்டையும் கலந்து ட்ரேயில் பரப்பி, மேலே நிழல் வலை கட்டி வைத்திருந்தார்கள். பழைய காம்பவுண்டு சுவரில் இருந்ததைச் சுரண்டித் தூவி வளர்த்தார்களாம். "இதுக்கு ஒண்ணும் பண்றதில்லைக்கா, அது பாட்டுக்கு வருது." அந்தக் கடையில் நான் கேட்ட பேச்சிலேயே உருப்படியானது அதுதான், பலகையில் எழுத வேண்டியதும் அதுதான்.

இந்தச் சுவர்ப் பாசி பெரும்பாலும் ஹையோஃபிலா வகை. செங்கல், காரைச்சுவர், கிணற்றுப் படி, சிமெண்ட் தொட்டியின் வெளிப்பக்கம் என்று சுண்ணாம்புச் சத்து இருக்கிற ஈரமான இடத்தில் இந்தியா முழுக்க வரும். மாஸ் என்றாலே புளிப்பு மண் வேண்டும், கந்தகம் போடு, பி.எச். குறை என்று இங்கிலீஷ் வீடியோக்களில் சொல்வார்கள். அது அவர்கள் ஊர்க் காட்டு மாஸுக்குச் சரி, சுண்ணாம்பு பூசிய சுவரிலேயே பிறந்து வளர்ந்ததற்கு அந்த வைத்தியம் தேவையில்லை. கூடவே வெள்ளி மினுமினுப்போடு ஒன்று வரும், சிமெண்ட் தரை வெடிப்பில் பார்த்திருப்பீர்கள், அது பிரையம் அர்ஜென்டியம். வெயில் தாங்குவதில் அது இன்னும் கெட்டி.

இரண்டாவது வகை ட்ரேதான் ஏமாற்று. நீள நீளமாக, இறகு மாதிரிக் கிளைத்து, மெத்தென்று, தொட்டாலே குளிர்ச்சியாக இருக்கும். பார்த்தவுடன் கை அதற்குத்தான் போகும். அடியில் செங்கல் தூள் இல்லை, மரப்பட்டைத் துணுக்கும் இலைமட்கும் ஒட்டியிருக்கிறது. "இது மலைல இருந்து வர்றது, பர்ஸ்ட் குவாலிட்டி" என்றார் கல்லாவில் இருந்தவர். எந்த மலை என்றால் பதில் இல்லை. மேகம் இறங்குகிற இடத்தில் மரத்தில் வளர்ந்ததை உரித்துக் கொண்டுவந்து கிருஷ்ணகிரியில் போட்டால் அது என்ன செய்யும்? ஓசூரே கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், நம் ஊர் அதைவிடச் சில நூறு மீட்டர் கீழே, அந்த வித்தியாசமே ஏப்ரலில் உடம்புக்குத் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அதில் ஒன்றை வாங்கினேன். மழைக்காலம் முழுக்க எல்லோரும் அதைத்தான் பார்த்து வியந்தார்கள். மார்ச்சில் பழுப்பு, ஏப்ரலில் தூள்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. காட்டிலிருந்து பாசியை உரித்து எடுப்பது சும்மா சின்ன விஷயம் இல்லை. 1927-ன் இந்திய வனச் சட்டத்தில் வனப்பொருள் என்பதற்குச் சொல்லியிருக்கும் விளக்கத்திலேயே புல், கொடி, நாணலோடு பாசியும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டுக்கு 1882-லிருந்தே தனி வனச் சட்டம் வேறு உண்டு. உரித்த பாறையில் மறுபடி அதே அளவுக்கு வர வருடக்கணக்கில் ஆகும். அதனால் 'மலை மாஸ்' என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

வீட்டில் வரவேற்பு எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். "ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கிறதைக் காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்கியேம்மா" என்றார் அத்தை. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, வழுக்கி விழுகிற பயம் இந்த வயதில் எல்லோருக்கும் உண்டு. நடக்கிற பாதையில் இதைப் போடவே கூடாது. நாங்கள் பாதைக்குத் துண்டு கிரானைட் போட்டோம். இந்த மாவட்டத்தில் கிரானைட் பாலிஷ் பட்டறைக் கழிவு கிடைப்பது கஷ்டமில்லை, பாலிஷ் போடாத சொரசொரப்புப் பக்கம் மேலே வருகிற மாதிரி பதித்து, இரண்டு பக்கமும் மாஸ். பாம்பு வருமா என்றும் கேட்டார். மாஸ் தரையோடு ஒட்டிக் கிடப்பதால் அதற்குள் ஒளிய இடமில்லை, எங்கள் வீட்டில் அதிகமானது மரவட்டைதான்.

நர்சரிக்காரர்களே ஆள் அனுப்பிப் பதித்துத் தருகிறார்கள், கூலி தனி. அந்த வேலைக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். வந்த பெரியவர் பேசவே இல்லை, வேலை மட்டும் பார்த்தார். களையைக் கையால் எடுத்து, மேல்மண்ணைக் கொத்தாமல், மண்வெட்டியின் பின்பக்கத்தால் தட்டித் தட்டிக் கெட்டியாக்கினார். புல்லுக்கு மண்ணைக் கிளறிப் பொலபொலப்பாக்குவோம் இல்லையா, இதற்கு நேர் தலைகீழ். மாஸுக்கு வேர் கிடையாது, அடியில் இருக்கும் மயிரிழைகள் பிடித்துக்கொள்ள மட்டும்தான், அதனால் தரை எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது. அப்புறம் தண்ணீர் தெளித்து, துண்டுகளை வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறி மிதித்தார். அடியில் காற்று தங்கினால் ஓரம் சுருண்டு காய்ந்துவிடுமாம். சரிவான இடத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு ஈர்க்குச்சி குத்தினார். துண்டுகளை நெருக்கி வைக்காமல் இடைவெளி விட்டே வைத்தார், நான் வாங்கிய ட்ரேக்களை வைத்து நினைத்ததைவிட இரண்டு மடங்கு இடத்தை மூடிவிட்டார். அதிக ட்ரே விற்கலாமே என்று அவர் யோசிக்கவில்லை. இடைவெளி அதுவாக மூடும், ஆனால் மெதுவாக. ஒரே மாதத்தில் பச்சைக் கம்பளம் வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது.

அவர் போகும்போது மேலே பழைய கொசுவலையை விரித்துக் கல் வைத்துவிட்டுப் போனார். ஏன் என்று மறுநாள் காலையில் தெரிந்தது. தவிட்டுக்குருவிக் கூட்டம் வந்து, வலை எட்டாத ஓரத்தில் ஒவ்வொரு துண்டாகத் தூக்கிக் கவிழ்த்துப் புழு தேடிக்கொண்டிருந்தது. கோழி வளர்க்கிற வீடாக இருந்தால் இதை நினைத்தே பார்க்க வேண்டாம்.

கடையின் பெரிய ஓட்டை தண்ணீர் பற்றிய ஆலோசனையில்தான். 'தினம் இரண்டு வேளை தண்ணீர்' என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது, எந்தத் தண்ணீர் என்று இல்லை. நம் மாவட்டத்து போர் தண்ணீரைப் பற்றி யாருக்கும் சொல்லத் தேவையில்லை, பாத்திரம் காய்ந்தால் வெள்ளை வட்டம் நிற்கும். ஃபுளோரைடு தொல்லைக்காகவே 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்து, தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் காவிரித் தண்ணீர் வருகிறது. மாஸ் இலை பெரும்பாலும் ஒரே ஒரு செல் தடிமன், மேலே மெழுகுப் பூச்சும் கிடையாது என்றே சொல்லலாம், உடம்பு முழுக்க நேரடியாகக் குடிக்கும். செடியாவது மண் வழியாக எடுக்கும்போது கொஞ்சம் வடிகட்டும், இதற்கு அந்த வசதி இல்லை. தினமும் இரண்டு வேளை போர் தண்ணீர் அடித்தால் நுனியில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்து, பிறகு நுனி கருகும். அத்தைக்குப் பக்கத்து வீட்டில் இதே கடையில் வாங்கி அந்தச் சீட்டில் சொன்னபடியே செய்தார்கள், பொங்கலுக்குள் பாதி போய்விட்டது. ஆர்.ஓ. மெஷினில் வெளியே வருகிற கழிவுத் தண்ணீர் அதைவிட மோசம், உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்து வருகிறது. மழைத் தண்ணீர் உத்தமம். 2003-லிருந்து தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், குழாய் எப்படியும் மாடியிலிருந்து இறங்கித்தான் இருக்கும், அதை ஒரு சின்டெக்ஸ் வழியாகத் திருப்பி, வாயில் கொசு வலை கட்டிவிட்டால் போதும். அது தீர்ந்தால் ஒகேனக்கல் தண்ணீரைக் கைத்தெளிப்பானில்.

அளவும் முக்கியம். ஓஸில் பீய்ச்சினால் மாஸ் பெயர்ந்து ஓடும். காலையில் ஒரு தடவை பனி மாதிரித் தெளித்தால் போதும். மாலையில் விட்டால் இரவு முழுக்க ஊறி, வழவழவென்று கரும்பச்சை ஆல்கா மேலே படர்கிறது, வழுக்குவது முக்கியமாக அதுதான்.

அப்புறம் வடக்கு மூலை விவகாரம். மாஸ் என்றாலே வீட்டுக்கு வடக்குப் பக்கம் போடுங்கள், அங்கே எப்போதும் நிழல் என்று நர்சரியிலும் சொன்னார்கள், வீடியோக்களிலும் சொல்கிறார்கள். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அது உண்மை. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பன்னிரண்டரை டிகிரியில். ஏப்ரல் கடைசி வாரம் சூரியன் நேர் தலைக்கு மேலே வந்து, அதற்கப்புறம் ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வரை நண்பகலில் வடக்குப் பக்கமாகத்தான் நிற்கும். அதாவது வருடத்திலேயே கொடுமையான மே மாதத்தில் வடக்குச் சுவரோரம் வெயில் அடிக்கும். எங்கள் வீட்டில் மாமரம் அந்தப் பக்கம் இருப்பதால் தப்பித்தது. மரம் இல்லாத வடக்குச் சந்தாக இருந்தால் 75 சதவீத நிழல் வலை கட்டாமல் போட வேண்டாம்.

மாமரம் நிழலும் தரும், தொல்லையும் தரும். காய்ந்த மாவிலை மழையில் நனைந்து மாஸ் மேல் ஒட்டிக்கொண்டால் அடியில் ஒரு வாரத்தில் மஞ்சள் படுகிறது, அன்றாடம் எடுக்க வேண்டும். தென்னந்துடைப்பம் போட்டுப் பெருக்கினால் மாஸும் சேர்ந்து வரும், பூந்துடைப்பம்தான் சரி, அதுவும் காய்ந்திருக்கும்போது. பூக்கிற பருவத்தில் தத்துப்பூச்சி வந்தால் இலையிலிருந்து பிசுபிசுவென்று தேன் மாதிரி சொட்டி, அதன் மேல் கரும்பூஞ்சை படரும், அது மாஸ் மேலும் விழும். இதையெல்லாம்விட முக்கியமானது, மாம்பூவுக்கு அடிக்கிற காப்பர் ஆக்சிகுளோரைடு என்கிற பூஞ்சை மருந்து. செம்பு மாஸுக்கு விஷம். மரத்துக்கு மருந்து அடிக்கிற வீடு என்றால் அன்றைக்கு மட்டும் கீழே பிளாஸ்டிக் ஷீட் விரித்துவிடுங்கள். இத்தனை மாந்தோப்பு இருக்கிற மாவட்டத்தில் மாஸ் விற்கிறவர்கள் இதை ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? உரமும் போடக்கூடாது, சாணத் தண்ணீர், பஞ்சகவ்யம் எதுவும் தேவையில்லை. போட்டால் கீழாநெல்லியும் கோரையும்தான் கொழிக்கும்.

கடையில் ஒரு பாட்டில் 'மாஸ் குரோத் லிக்விட்' என்று 150 ரூபாய்க்கு விற்றார்கள். திறந்து மோந்து பார்த்தால் புளித்த மோர் வாசம். மாஸை மோரில் அடித்துப் பூசினால் வரும் என்பது இன்டர்நெட்டில் பல காலமாகச் சுற்றுகிற கதை. பூசிய இடத்தில் முதலில் பூஞ்சைதான் பிடிக்கும். மாஸைக் கையால் உதிர்த்து வெறும் தண்ணீரில் கலந்து தூவினாலே போதும், உடைந்த ஒவ்வொரு துணுக்கும் தனியாக முளைக்கிற சக்தி அதற்கு உண்டு. மோரைக் குடித்துவிடலாம்.

இப்போது கோடைக் கதை. மார்ச் முடிவில் ஹையோஃபிலா ட்ரே போட்ட இடமும் பழுப்பாகத்தான் போனது. வீட்டில் எல்லோரும் செத்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று பையன் பள்ளிக்கூடத்துக்கு வாங்கியது இருந்தது, அதை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு இலையும் இரண்டு ஓரத்திலிருந்தும் உள்பக்கமாகச் சுருண்டு, வெற்றிலையைச் சுருட்டி வைத்த மாதிரி குழாய் குழாயாக நின்றது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். கண்ணெதிரே ஒன்று பிரிந்தது, பக்கத்தில் இருந்தது பிரிந்தது, நுனியிலிருந்து அடி வரை மடமடவென்று விரிந்து, ஒன்றிரண்டு நிமிடத்தில் அந்த ஒரு ரூபாய் அகலத்துக்கு மட்டும் முழுப் பச்சை, சுற்றிலும் பழுப்பு. அத்தை என் கையிலிருந்து லென்ஸை வாங்கி அவரே இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தார். காய்ந்து கிடப்பது இதற்கு ஓய்வுதான். அதனால் கோடையில் பச்சையாகவே வைத்திருக்க வேண்டும் என்று நாள் முழுக்கத் தெளித்துக்கொண்டிருப்பது வீண் வேலை. சொல்லப்போனால், அரைகுறையாக நனைத்து நனைத்துக் காயவிடுவதுதான் அதைக் கொல்கிறது. விழித்து மூச்சுவிடச் செலவழித்த சக்தியைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும் முன்பே ஈரம் போய்விடும். நன்றாக விடுங்கள், இல்லையென்றால் மழை வரும் வரை அப்படியே விட்டுவிடுங்கள். மே மாதக் கோடை மழை ஒன்று நின்று பெய்தது, மறுநாள் காலை தரை முழுக்கப் பச்சை. மலை மாஸ் இருந்த இடத்தில் மண்.

நம் மாவட்டத்தில் வருடத்துக்கு 800, 900 மில்லிமீட்டர் மழைதான். ஜப்பானில் கியோட்டோவின் சைஹோஜி கோயில் தோட்டத்துப் படத்தைப் போனில் காட்டி இப்படி வரும் என்று கடையில் சொல்வார்கள். அங்கே 120 வகை பாசி இருப்பதாகச் சொல்கிறார்கள், ஊருக்கே மழையும் ஈரமும் நம்மைவிட ரொம்ப அதிகம். இங்கே ஆகஸ்ட்டிலிருந்து ஜனவரி வரை பச்சை, மற்ற மாதங்களில் பாதிப் பச்சை பாதிப் பழுப்பு, அதை ஒத்துக்கொள்கிறவர்கள் மட்டும் வாங்குங்கள்.

மார்க் போட வேண்டுமென்றால், சுவர்ப் பாசி ட்ரேக்கு ஐந்துக்கு நாலரை, பதிக்கிற பெரியவருக்கு ஐந்து, தண்ணீர்ச் சீட்டுக்கும் மோர் பாட்டிலுக்கும் பூஜ்யம். காய்ந்த மலை மாஸைப் பற்றிப் போன் செய்தபோது "வெயில்க்கா, நாங்க என்ன பண்றது" என்றார்கள். மாற்றித் தரவில்லை, காசும் திரும்ப வரவில்லை.

போகிறவர்கள் செப்டம்பர், அக்டோபரில் போங்கள், ஒரு நல்ல மழை பெய்த அடுத்த நாளாக இருந்தால் இன்னும் நல்லது. மார்ச்சிலும் கேட்டால் கொடுப்பார்கள், வாங்காதீர்கள். நேராகப் பின்பக்கத் தொட்டியடிக்குப் போய், அடியில் செங்கல் தூள் ஒட்டியிருக்கிற ட்ரேயாகப் பார்த்து எடுங்கள், நாலைந்து போதும். வரும்போது மூடிய டிக்கியில் வைக்காமல் பின் சீட்டுக்குக் கீழே ஈரச் சாக்கு விரித்து வையுங்கள், சூளகிரி தாண்டுவதற்குள் டிக்கி சூடு அதை வேகவைத்துவிடும். காலி ட்ரேயைத் திருப்பிக் கொடுத்தால் விலையில் 20 ரூபாய் குறைத்துக்கொள்வார்கள், கேட்டால்தான்.